ஊட்டி டு பைக்காரா, கவர்மென்ட் பஸ்லயே ஒரு நாள்: எங்க முதல்ல இறங்கணும், எப்ப திரும்பணும்

ஊட்டில இருந்து கூடலூர் போற ரோட்டுல பைக்காரா ஏரி, பைக்காரா ஃபால்ஸ், ஒன்பதாவது மைல் புல்வெளி, பைன் ஃபாரஸ்ட், காமராஜ் சாகர் டேம் எல்லாம் ஒரே லைன்ல வரிசையா வருது, அதனால டாக்ஸி இல்லாம பஸ்லயே ஏறி இறங்கி ஒரே நாள்ல பாத்துட்டு வந்துடலாம். ஆனா இப்படி வர்றவங்கள்ல நிறைய பேரு சாயங்காலம் அஞ்சு மணிக்கு பனிமூட்டத்துல ரோட்டோரம் நின்னு வர்ற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டிட்டு இருக்கிறதப் பாக்கறேன். பஸ் இல்லாம இல்ல, அவங்க போன வரிசைதான் கோளாறு.

கிட்ட இருக்கிறத முதல்ல பாத்துட்டு தூரத்த கடைசில வச்சுக்கறாங்க. இத அப்படியே திருப்பிப் போடணும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் இந்த ஒண்ணு நல்லபடியா நடக்கறதுக்கான ஏற்பாடு.

1. ரோட்ட முதல்ல மனசுல ஏத்திக்கங்க

ஊட்டி பஸ் ஸ்டாண்ட விட்டா ஃபிங்கர்போஸ்ட், அப்புறம் மூடிக் கெடக்குற ஃபிலிம் ஃபேக்டரி இருக்கிற எச்.பி.எஃப், அப்புறம் தலைகுந்தா. பைன் ஃபாரஸ்டும் காமராஜ் சாகரும் தலைகுந்தாவ ஒட்டித்தான், ஊட்டில இருந்து சுமார் 10 கிலோமீட்டருக்குள்ள. அதத் தாண்டி ஒன்பதாவது மைல், இதத்தான் ஷூட்டிங் மட்டம்னு சொல்வாங்க. சுமார் 20-ஆவது கிலோமீட்டர்ல பைக்காரா. அதுக்கும் மேல போனா நடுவட்டம், அங்கிருந்து இறக்கம், சுமார் 50 கிலோமீட்டர்ல கூடலூர்.

இப்ப சாயங்காலத்த யோசிச்சுப் பாருங்க. ஊட்டிக்குத் திரும்பற பஸ் எல்லாம் கூடலூர் பக்கமிருந்துதான் வரணும். கூடலூர் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணும் சேர்ற இடம், அதனால அங்கிருந்து வர்ற பஸ் பாதி அங்கயே ரொம்பிடும், நீண்ட தூர பஸ் உங்க ஸ்டாப்பிங்ல நிக்கவும் நிக்காது. பைக்காரால மாட்டினா ஊட்டிக்கு 20 கிலோமீட்டர். அதே தலைகுந்தாவா இருந்தா மசினகுடி, கல்லட்டி பக்கமிருந்து ஏறி வர்ற பஸ்ஸும் அங்கதான் வந்து சேருது, அதுவும் இல்லன்னா ஆட்டோ கேட்டுக்கூட வந்துடலாம், கட்டுபடியாகற தூரம்தான். நேரம் ஆக ஆக ஊட்டிக்கு கிட்ட வந்துட்டே இருக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

இன்னொண்ணு, பனிமூட்டம். மத்தியானத்துக்கு மேல மேகம் அந்த மேற்குப் பக்கமிருந்துதான் ஏறி வரும், பைக்காராவும் ஒன்பதாவது மைலும்தான் முதல்ல மூடும். மூணு மணிக்கு ஏரிக்குப் போய் வெள்ளையா ஒரு செவுத்தப் பாத்துட்டு திரும்புறவங்க நெறைய.

2. மாசம் பாத்து போங்க

தென்மேற்குப் பருவமழை, அதாவது ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், நீலகிரில மேற்குப் பக்கத்தத்தான் போட்டு அடிக்கும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அந்த அளவு எப்பவும் வராது, ஆனா இந்த மாசங்கள்ல கூடலூர் ரோட்டுல மரம் சாஞ்சு பஸ் நின்னுபோறது, பைன் ஃபாரஸ்ட பூட்டிடறது, படகு நிறுத்திடறது எல்லாம் சகஜம். மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட், ரெட் அலர்ட் இருந்தா அன்னிக்கு கிளம்பவே வேணாம். பஸ் ஓடினாலும் போய்ப் பாக்க எதுவும் திறந்திருக்காது.

அக்டோபர், நவம்பர்ல கதை மாறும். வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்குத்தான் அதிகம், பைக்காரா பக்கம் அவ்வளவா இருக்காது. ஃபால்ஸ்ல தண்ணியும் நல்லா இருக்கும், புல்லும் பச்சையா இருக்கும். என்னக் கேட்டா இந்த ரூட்டுக்கு இதுதான் சரியான நேரம், ஆனா மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வர்ற ரோட்டுல மண்சரிவு இருக்கான்னு மட்டும் முந்தின நாள் நியூஸ் பாத்துக்கங்க.

டிசம்பர், ஜனவரி குளிர் வேற லெவல். உறைபனி விழற இடம்னு பேப்பர்ல வருஷா வருஷம் தலைகுந்தா பேரு வரும், காலைல புல்லு மேல உப்பு தூவுன மாதிரி வெள்ளையா இருக்கும். அதப் பாக்கறதுதான் உங்க ஆசைன்னா, நான் சொல்ற வரிசைய அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மீறலாம்: முதல் பஸ்ல தலைகுந்தால இறங்கி, வெயில் ஏறி பனி உருகறதுக்குள்ள பாத்துட்டு, அடுத்த பஸ்ல பைக்காராவுக்கு ஏறிடுங்க. இதுக்கு முந்தின நாளே வந்து ஊட்டில தங்கி இருக்கணும், கீழ இருந்து ஏறி வந்தா நேரம் தாண்டிடும்.

ஏப்ரல், மே பத்தி சுருக்கமா: கூட்டம், ட்ராஃபிக், ஃபால்ஸ்ல பாறைதான் அதிகம் தெரியும். லீவு அப்பத்தான் கிடைக்குதுன்னா வார நாள்ல வாங்க.

3. பையில என்ன இருக்கணும், என்ன இருக்கக்கூடாது

கூடாதத முதல்ல சொல்லிடறேன். பிளாஸ்டிக் வாட்டர் பாட்டில். நீலகிரில அஞ்சு லிட்டருக்குக் கீழ உள்ள பாட்டில் தடை, பிளாஸ்டிக் கவர், கப், தட்டும் சேத்துத்தான். பஸ்ல வர்றவங்கள எவன் பாக்கப்போறான்னு நினைக்காதீங்க, பஸ்ஸுக்குள்ளயும் ஏறி செக் பண்ணுவாங்க, ஃபைனும் உண்டு. ஸ்டீல் பாட்டில் ஒண்ணு எடுத்துக்கங்க, துணிப்பை ஒண்ணு.

இ-பாஸ் பத்தி எல்லாரும் கேட்கறாங்க. ஐகோர்ட் உத்தரவுல 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு, அது கார், பைக், வேன்ல வர்றவங்களுக்கு. கவர்மென்ட் பஸ்ல வர்ற உங்களுக்கு வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்கே சீசன்ல பஸ் பெட்டர்.

பணம் கையில வச்சுக்கங்க, அதுவும் பத்து, இருபது, அம்பது நோட்டா. ஊட்டிய விட்டு வெளிய வந்தா சிக்னல் போயிப்போயி வரும், ரோட்டுக்கடைல ஃபோன நீட்டிட்டு சுத்துற வட்டத்தப் பாத்துட்டு நிக்கறதுக்குள்ள பஸ் போயிடும். இந்த நாள்ல ஏழெட்டு தடவ டிக்கெட் எடுப்பீங்க, ஒவ்வொரு தடவையும் ஐநூறு ரூபாய நீட்டினா கண்டக்டர் மூஞ்சி எப்படி இருக்கும்னு சொல்லணுமா.

ஸ்வெட்டர விட மழக்கோட்டு முக்கியம்னு சொல்வேன். குளிர் நடந்தா போயிடும், நனைஞ்சுட்டு பஸ் ஜன்னல் ஓரம் உக்காந்தா போகாது. குடை காத்துல திரும்பிக்கும், அதுக்கு பதிலா தலைய மூடற மாதிரி கோட்டு. கால்ல ஷூ, பிடிப்பு உள்ள ஷூ. ஃபால்ஸ் பாறையும் பைன் சருகும் ரெண்டுமே வழுக்கும்.

வாந்தி வர்றவங்க ராத்திரி நல்லா தூங்கணும், காலைல வெறும் வயித்தோடயும் ஏறாதீங்க, எண்ணெய்ப் பூரியோடயும் ஏறாதீங்க. ரெண்டு இட்லி போதும். பயண மாத்திரை போடறதா இருந்தா வளைவு ஆரம்பிச்சப்புறம் இல்ல, ஏறுறதுக்கு அரைமணி ஒரு மணி நேரம் முன்னாடியே, மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடுங்க. உள்ள போயி வேலை செய்ய நேரம் வேணும்ல.

4. மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறுறது

ஊட்டிலயே தங்கி இருக்கிறவங்க இத விட்டுட்டு நேரா அஞ்சாவதுக்குப் போயிடுங்க.

கோயமுத்தூர்ல இருந்து ஊட்டி பஸ் மேட்டுப்பாளையம் ரோட்டுல இருக்கிற புது பஸ் ஸ்டாண்டுல கிடைக்கும். சென்னை ஆளுங்க நீலகிரி எக்ஸ்பிரஸ்ல விடியக்காலைல மேட்டுப்பாளையத்துலயே வந்து இறங்குவாங்க, பஸ் ஸ்டாண்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்துலதான். இதுல ஒரு விஷயம், ட்ரெயின் வந்து நின்ன பத்து நிமிஷத்துல மொத்தக் கூட்டமும் ஊட்டி பஸ்ஸுக்குத்தான் ஓடும். பிளாட்பாரத்துல நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்தா நின்னுக்கிட்டேதான் மலை ஏறணும். முதல் பஸ் போனாலும் பரவால்ல, அடுத்ததுல உக்காந்து போங்க, இரண்டரை மணி நேர மலை ரோட்டுல நின்னுட்டு வந்தா அன்னிக்கு பூரா கால் பேசும்.

மலை ரயில்ல ஏறிட்டு அப்புறம் பைக்காரா போலாமான்னு கேட்கறவங்களுக்கு, முடியாது. அது ஊட்டி போய்ச் சேரவே சுமார் அஞ்சு மணி நேரம், மத்தியானம் ஆயிடும். ரயில் ஆசைய இன்னொரு நாளைக்கு தனியா வச்சுக்கங்க.

சீட்டு, நடுவுக்கு முன்னாடி, சக்கரத்துக்கு மேல இல்லாம. கடைசி சீட்டுல வளைவுக்கு வளைவு பஸ்ஸோட வாலு வீசற வீச்சுதான் வயித்தக் கலக்கறது. எந்தப் பக்கம் உக்காந்தா வியூ நல்லா இருக்கும்னு எல்லாரும் கேட்கற கேள்விக்கு பதிலே இல்ல, ஏன்னா கொண்டை ஊசி வளைவுல ஒவ்வொரு திருப்பத்துக்கும் பள்ளத்தாக்கு பக்கம் மாறிட்டே இருக்கும். மேட்டுப்பாளையம் முன்னூத்துச் சொச்சம் மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். இவ்வளவு உயரத்த சுமார் 50 கிலோமீட்டர்ல ஏறுறதால காது அடைக்கும், எச்சில் முழுங்குங்க, குழந்தைக்கு மிட்டாய் குடுங்க.

குன்னூர்ல பஸ் கொஞ்ச நேரம் நிக்கும். டீ குடிக்க இறங்கினா கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு இறங்குங்க. மறக்காம வர்க்கி (மொறுமொறுன்னு பிஸ்கட் மாதிரி இருக்கும்) ஒரு பாக்கெட் வாங்கிடுங்க, பைக்காரால பசிச்சா அதுதான் கை குடுக்கும்.

5. ஊட்டி பஸ் ஸ்டாண்டுல: எந்த பஸ், என்ன கேக்கணும்

ஒன்பதரைக்குள்ள ஊட்டில இறங்கிட்டா நல்லது. இறங்கினதும் ரெண்டு வேலை. ஒண்ணு பாத்ரூம், ஏன்னா இந்த ரூட்டுல நம்பிப் போகக்கூடியது இங்கயும் பைக்காரா போட் ஹவுஸ்லயும்தான். இன்னொண்ணு டைம் கீப்பர் ரூம்.

டைம் கீப்பர்கிட்ட "பைக்காராவுக்கு பஸ் எப்ப?"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. "சாயங்காலம் பைக்காரால இருந்து ஊட்டிக்கு எந்தெந்த நேரத்துக்கு பஸ், எதெல்லாம் நிக்கும்?"னு கேளுங்க. அப்படியே மேட்டுப்பாளையம், கோயமுத்தூருக்கு ராத்திரி கடைசி பஸ் எப்பன்னும் கேட்டு ஃபோன்ல டைப் பண்ணி வச்சுக்கங்க. நெட்ல போட்டிருக்கிற டைம்ம நம்பி வர்றது வேணாம், சீசனுக்கு ஒரு டைம், ஆஃப் சீசனுக்கு ஒரு டைம்னு மாறும்.

பஸ் போர்டு பாத்து ஏறுறதுலதான் புதுசா வர்றவங்க சறுக்கறாங்க. பைக்காரான்னு போர்டு போட்ட பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் உக்காந்து இருப்பாங்க, கண்ணு முன்னாடி கூடலூர் பஸ் மூணு போயிருக்கும். கூடலூர் போற லோக்கல் பஸ் எல்லாம் பைக்காரா வழிதான், அதுல ஏறுங்க. மைசூர், பெங்களூர், கோழிக்கோடு போர்டு போட்டதும் அதே ரோடுதான், ஆனா அதுல நடுவுல நிறுத்துவாங்களான்னு ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டுடணும். ஏறி உக்காந்துட்டு கேட்டா "கூடலூர் டிக்கெட்தான் குடுப்போம்"னு பதில் வரும்.

ஏறினதும் "பைக்காரா ஒண்ணு"ன்னு கேட்காதீங்க. போட் ஹவுஸா ஃபால்ஸான்னு சேத்து சொல்லுங்க, ரெண்டும் வேற வேற ஸ்டாப்பிங். நீங்க முதல்ல இறங்க வேண்டியது போட் ஹவுஸ்.

பெண்களுக்கு கட்டணமில்லா விடியல் பயணம் 2024-ல மலைப்பகுதிக்கும் வந்துடுச்சு, ஆனா எல்லா பஸ்ஸுக்கும் கிடையாது. ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுட்டா சங்கடம் இல்ல.

6. பைக்காரா: படகு முன்னாடி, ஃபால்ஸ் பின்னாடி

பஸ் உங்கள மெயின் ரோட்டுல விட்டுட்டுப் போயிடும், படகுத்துறைக்கு உள்ள நடக்கணும். நல்ல நடை, ரெண்டு பக்கமும் மரம், வேகமா போகாம பேசிட்டே போங்க.

படகு முதல்ல ஏன்னா, ஊட்டில இருந்து வர்ற டூரிஸ்ட் வேன் கூட்டம் பதினொண்ணு, பதினொன்றரைக்கு மேலதான் இங்க வந்து குவியும். அதுக்கு முன்னாடி கவுண்டர்ல நின்னா சீக்கிரம் கிடைக்கும், காத்தும் கம்மி, தண்ணி அசங்காம கெடக்கும். ஸ்பீட் போட், மோட்டார் போட் ரெண்டும் இருக்கு. ஸ்பீட் போட் சின்னப் பசங்களுக்கு ஜாலியா இருக்கும், ஆனா ஏரியப் பாக்கணும்னா மோட்டார் போட்தான், அது மெதுவா போகும், கரையில சோலைக்காடு தண்ணி வரைக்கும் இறங்கி நிக்கிறது தெரியும். ஊட்டி ஏரியப் பாத்துட்டு இங்க வர்றவங்க வாயடைச்சுப் போறது அந்த இடத்துலதான், சுத்தி கடையோ ஓட்டலோ எதுவும் கண்ணுல படாது.

டிக்கெட் வாங்கினதும் போட்டுக்கு எவ்வளவு பேர்னு பாத்துக்கங்க. ரெண்டு பேரா வந்தவங்க முழு போட்டுக்கும் காசு கட்டிடறாங்க, பக்கத்துல இன்னும் ரெண்டு பேர் அதே யோசனைல நிப்பாங்க. கேட்டு சேந்து போங்க. லைஃப் ஜாக்கெட் ஈரமா இருக்கு, நாறுதுன்னு கழட்டாதீங்க, தண்ணி ரொம்ப ஆழம், ரொம்பக் குளிர்.

இங்கயே பாத்ரூம் போயிட்டு, டீ குடிச்சுட்டு, ஃபால்ஸுக்குக் கிளம்புங்க. பஸ்ஸுக்கு காத்திருக்காம மெயின் ரோட்டோரம் நடந்தும் போகலாம், ஆனா வளைவுல வண்டி ஒட்டி வரும், ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, குழந்தைய உள்பக்கமா பிடிச்சுட்டு நடங்க.

ஃபால்ஸ் பத்தி ஒரு எச்சரிக்கை: குற்றாலம் மாதிரி தலையில கொட்டும்னு நினைச்சு துண்டும் எண்ணெயும் எடுத்துட்டு வராதீங்க. இது படிப்படியா பாறை மேல வழிஞ்சு போற அருவி. கடைசில ரெண்டு பெரிய விழுச்சி 55 மீட்டர், 61 மீட்டர்னு இருக்கு, ஆனா நம்ம நிக்கிற இடத்துல இருந்து பாறைத் தொடர்தான் கண்ணுக்கு நெறைய தெரியும். குளிக்க விடமாட்டாங்க, கம்பிய தாண்டி இறங்கறவன பாத்து நீங்களும் இறங்காதீங்க. பாசி பிடிச்ச பாறைல ஒரு கால் வழுக்கினா கீழ நிக்கிறதுக்கு இடமே இல்ல.

போறப்ப இறக்கம், வர்றப்ப ஏத்தம். வயசானவங்கள கூட்டிட்டு வந்திருந்தா இத முன்னாடியே சொல்லிடுங்க, இறங்கி முடிச்சப்புறம் சொன்னா திட்டு விழும். குரங்குங்க கவர் சத்தத்துக்கே ஓடி வரும், வர்க்கி பாக்கெட்ட பைக்குள்ள வச்சு ஜிப் போட்டுடுங்க. சோளக்கருது, மாங்கா கையில வச்சு நடந்தா பாதி உங்களுக்கு பாதி அதுக்கு.

ஒண்ணரை மணிக்கு எவ்வளவு நல்லா இருந்தாலும் மெயின் ரோட்டுக்கு வந்துடுங்க. இங்கதான் நிறைய பேர் "நடுவட்டம் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா"ன்னு ஆரம்பிப்பாங்க. தேயிலைத் தோட்டம், பழைய ஜெயில், ஊசிமலை வியூ பாயின்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், ஆனா அது கூடலூர்ல தங்கறவங்களுக்கு. சாயங்காலம் ஊட்டிக்குத் திரும்பணும்னா பைக்காராதான் உங்க எல்லை.

7. ஒன்பதாவது மைல்

பைக்காரால இருந்து ஊட்டி பக்கம் போற பஸ்ல ஏறி "ஷூட்டிங் மட்டம்"னு சொன்னா போதும். இறங்கற இடத்துல டிக்கெட் கவுண்டர் இருக்கும், வாங்கிட்டு மேல ஏறணும்.

வென்லாக் டவுன்ஸ்னு சொல்ற புல்மேடு இது. மேல ஏறினா ஒரு மரம் இல்லாத மேடு, அதுக்குப் பின்னாடி இன்னொரு மேடு, மடிப்புல மட்டும் கறுப்பா கொத்தா சோலை. புல் மழைத்தண்ணிய பிடிச்சு வச்சு மெதுவா சோலைக்குள்ள விடும், அதுலதான் கீழ ஓடைல வெயில் காலத்துலயும் தண்ணி ஓடுது. அதனால பாதை போட்டிருந்தா அதுலயே நடங்க, சும்மா கெடக்குற புல்லுதானேன்னு எல்லாப் பக்கமும் மிதிச்சு வழி போடாதீங்க. சோலைக்குள்ள போகவே கூடாது. காட்டெருமை தூரத்துல மேயும், அமைதியாத்தான் இருக்கும், கிட்டப் போய் ஃபோட்டோ எடுக்கறவரைக்கும்.

காத்து இங்க பலமா அடிக்கும். மழக்கோட்டு இப்ப உதவும், மழையே இல்லாட்டியும்.

முக்கால் மணி நேரம் தாராளம். இங்கதான் நேரம் தெரியாம போயிடும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்க பாத்த ஒரு குடும்பத்த சொல்றேன்: பாட்டி, அப்பா அம்மா, ரெண்டு பசங்க, சின்னவன் அப்பாவோட ஜெர்கினுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கறான். கூடலூர் பஸ் ஒண்ணு லைட்ட போட்டுட்டு பனிக்குள்ள இருந்து வருது, படிக்கட்டுல ஆளு தொங்குது, கண்டக்டர் ஜன்னல் வழியா கைய நீட்டி "பின்னாடி வருது, பின்னாடி வருது"ங்கறாரு, பஸ் நிக்கவே இல்ல. பின்னாடி வந்ததும் அதே கதைதான். அந்த அப்பா கடைசில ஒரு காய்கறி டெம்போக்காரரக் கெஞ்சி பாட்டியையும் பசங்களையும் முன்சீட்டுல ஏத்தி விட்டாரு. அவங்க காலைல பைன் ஃபாரஸ்ட், டேம் எல்லாம் நிதானமா பாத்துட்டு இங்க வந்து சேந்ததே நாலு மணிக்கு மேலயாம்.

மூணு மணிக்கு இங்க இருந்து கிளம்பிடணும். பஸ் வந்தா சின்னதா கை காட்டினா பத்தாது, ரோட்டோரம் வந்து தெரியற மாதிரி நின்னு முன்னாடியே காட்டுங்க, அதுவும் நேரான இடத்துல. வளைவுல நின்னா டிரைவர் பிரேக் போட மாட்டாரு, போடவும் முடியாது.

8. தலைகுந்தா: பைன் ஃபாரஸ்ட், காமராஜ் சாகர்

இப்ப அவசரம் குறைஞ்சிடுச்சு. இங்க இருந்து ஊட்டிக்கு எப்படியும் போயிடலாம்.

பைன் ஃபாரஸ்ட்ல நுழைஞ்சா சரிவா இறங்கிட்டே போகும், அடியில காமராஜ் சாகர் தண்ணி தெரியும். ஒரே டிக்கெட்ல காடும் ஏரியும் மாதிரின்னு வச்சுக்கங்க, டேமுக்குன்னு தனியா ஓட வேண்டியதில்ல. மூணு, மூன்றரை மணி வெளிச்சம் சாய்வா மரத்துக்கு நடுவுல விழும், ஃபோட்டோவுக்கு வர்றவங்களுக்கு காலைய விட இதுதான் நல்லது. கீழ விழுந்து கெடக்குற பைன் ஊசி இலை எண்ணெய் தடவுன மாதிரி வழுக்கும், இறங்கறப்ப குறுக்கா காலை வச்சு இறங்குங்க. ஓட்டப்பந்தயம் வைக்கிற பசங்கள கொஞ்சம் பிடிச்சு வைங்க.

மழையோ பலத்த காத்தோ இருந்தா இங்க உள்ள விடமாட்டாங்க, மரம் விழும்னு பயம். கேட் பூட்டி இருந்தா வாக்குவாதம் பண்ணாம அடுத்த பஸ்ல ஊட்டி போயிடுங்க.

பசிக்கும். ரோட்டுல பஜ்ஜி, வேகவச்ச கடலை, மொளகாப்பொடி போட்ட கேரட் கிடைக்கும். முழுச் சாப்பாட்ட ஊட்டி போயி வச்சுக்கங்க, இங்க உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சா அடுத்த பகுதி கெட்டுப்போகும்.

9. ஊட்டிக்கு வந்து கீழ இறங்கறது

நாலரை, அஞ்சுக்குள்ள ஊட்டி பஸ் ஸ்டாண்ட். சாப்பிட்டு, சாக்லேட் வாங்கறவங்க வாங்கிட்டு, அஞ்சரைக்கு மேட்டுப்பாளையம் பஸ்ல உக்காந்துடுங்க. அதுக்கு அப்புறமும் பஸ் இருக்கும்தான், ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி சீட்டுக்கு ஜன்னல் வழியா துண்டு போடற நிலைமை ஆயிடும். நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட் போட்டவங்க இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பணும், ஏன்னா குன்னூர்ல ஒரு ஜாம் விழுந்தா ட்ரெயின் உங்களுக்காக நிக்காது.

இறங்கறப்பதான் வாந்தி அதிகம் வரும், ஏறுறப்ப தாங்கினவங்களுக்குக்கூட. நாள் பூரா அலைஞ்ச களைப்பு, வயித்துல பஜ்ஜி, பஸ் வேகமும் கூட. ஃபோன உள்ள வச்சுட்டு முன்னாடி ரோட்டப் பாருங்க. ஜன்னல் ஓரத்துல இருக்கிறவங்க தலைய வெளிய நீட்டக்கூடாது, எதிர்ல வர்ற பஸ் எவ்வளவு ஒட்டி வரும்னு காலைலயே பாத்திருப்பீங்க. பிளாஸ்டிக் கவர் தடைங்கறதால பேப்பர் கவர் ரெண்டு வீட்டுல இருந்தே எடுத்து வச்சுக்கங்க.

பர்லியார், கல்லாறு பக்கம் யானை ரோட்டுக்கு வந்து நின்னா பஸ்ஸ நிறுத்தி லைட்ட கம்மி பண்ணிடுவாங்க. அப்ப சத்தம் போடாதீங்க, இறங்காதீங்க, ஃபிளாஷ் அடிக்காதீங்க.

10. ரோடு அடைச்சுட்டா

குன்னூர் வழில மண்சரிவுன்னா பஸ்ஸ கோத்தகிரி வழியா திருப்பி விடுவாங்க. அதுவும் மேட்டுப்பாளையத்துலதான் வந்து சேரும். ஊட்டி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர்தான் முதல்ல தெரிஞ்சு வச்சிருப்பாரு, கூட்டத்துல யாரோ சொன்னாங்கன்னு லக்கேஜோட டாக்ஸிக்கு ஓடாதீங்க.

பைக்காரா பக்கம் இருக்கும்போது ஊட்டி ரோட்டுல மரம் விழுந்துட்டா பெரும்பாலும் ரெண்டு மணி நேரத்துல அறுத்து எடுத்துடுவாங்க. மெயின் ரோட்டுல நனையறதுக்கு பதிலா போட் ஹவுஸ்லயே இருங்க, பாத்ரூமும் டீயும் கூரையும் அங்கதான். ரோடு திறந்ததும் தேங்கி நின்ன பஸ் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். முதல் பஸ்ல தொங்காதீங்க, மூணாவதுல சீட்டே கிடைக்கும்.